சம்மதம் சொல்ல வேண்டியவர்

ஓய்வு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டுக்குச் சங்கக் கூட்டத்தில் ஒரு வேலையும் இல்லை. பதிவைப் புதுப்பிக்கக் கல்விப் புள்ளிகள் தேவைப்படுகிறவர்கள் போகிறார்கள். எனக்குப் புதுப்பிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் வருடா வருடம் போகிறேன். பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு மண்டபத்தில் கூடினால் யாரும் யார் பேசுவதையும் கேட்பதில்லை. அதை நேரில் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சாப்பாடும் நன்றாக இருக்கும்.

இந்த முறை கூட்டம் சித்திரபுரத்தில். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பிலிருந்து அங்கே போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகிற வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. வயதான பெண்மணி காரில் பலாப்பழம்தான் கடத்துவாள் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டத்தின் நடைமுறை எனக்கு மனப்பாடம். முதலில் பேனர் கட்டுவார்கள். அதில் யாருடைய பட்டமாவது தவறாக அச்சாகியிருக்கும். பிறகு குத்துவிளக்கு. பள்ளிவாசல் எஸ்டேட் பக்கமிருந்து வந்த பனிக்காற்றில் அது எரிய மறுத்தது. முக்கிய விருந்தினர் எரிவதுபோல் பாவித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு வரவேற்புரை, அதில் நேரத்தைச் சுருக்கச் சொல்லும் நீண்ட வேண்டுகோள். மதியம்தான் கட்டுரைகள். காலையில் 'மக்கள் பணி'. நிகழ்ச்சி நிரலில் அந்த வரி இருந்தால் கூட்டத்துக்கு மதிப்பு கூடும் என்பதால், மண்டபத்துக்கு வெளியே நாலு மேசை போட்டுப் பேச்சு, செவித்திறன் முகாம் நடத்தினோம்.

முகாமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இதைக் கண் முகாம் என்று நினைத்து வந்தவர்கள். ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்து, "கண்ணாடி இன்னைக்கே தருவீகளா, பொறவா?" என்றார். இது பேச்சுக்கான முகாம் என்றேன். "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை எங்கள் முக்கிய விருந்தினராகப் போட்டிருக்கலாம்.

பதினொரு மணி வாக்கில் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சுற்றுலா வருகிறவர்களுக்கு இலை எப்படித் தூளாகிறது என்று சுற்றிக்காட்டும் வேலை. தங்கை மூணாறில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் இருக்கிறாள். இரண்டு பேரும் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

என் பக்கத்து மேசையில் எர்ணாகுளத்திலிருந்து வந்த இளம் தெரபிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். அவள் மலையாளத்தில் கேட்டாள். அண்ணன் மலையாளத்தில் பதில் சொன்னார். என்ன வேலை, எவ்வளவு நாளாக, இலை வாட்டுவது எப்படி, அரைப்பது எப்படி. மடை திறந்த மாதிரி சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "குறை ஒன்றும் இல்லையே!" என்று எழுதப் போனாள்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். நான் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"மேடம், அவன்கிட்ட நீங்க தமிழ்ல கேளுங்க."

கேட்டேன். "ஏனுங்க தம்பி, உங்களுக்கு என்னங்க பிரச்சினை?"

அவர் வாயைத் திறந்தார். நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இமை இறுக மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. நான் காத்திருந்தேன். அது ஒன்றுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது. கடைசியில், "த... த... தங்கச்சிக்கு நிச்சயம் மேடம்" என்று வந்தது.

இளம் தெரபிஸ்ட் எழுதியதை அடித்தாள்.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஏலப்பாறையில். மாப்பிள்ளையின் அப்பா அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இவர்கள் வழக்கப்படி தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பெண் வீட்டைப் பார்த்துச் சபையில் கேட்பார். பெண்ணின் அப்பாவோ அண்ணனோ பதில் சொல்ல வேண்டும். 'எங்க தங்கச்சிய உங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்.' அவ்வளவுதான். அப்பா இல்லாததால் அதைச் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

"சித்தப்பா நான் சொல்லுதேன்னு நிக்காரு" என்றாள் தங்கை. "அவரு நல்லவருதான் மேடம். ஆனா அண்ணன் எதச் சொல்ல வந்தாலும் பாதியில வாங்கி அவரே முடிச்சிருவாரு. கடையிலயும் அப்படித்தான், தேயிலைத்தூள் கேக்கப் போனா தேங்காயோட வருவான்."

"ஒ... ஒரு தடவ" என்றார் அவர். "எங்கப்பா எடத்துல நின்னு நானே சொல்லணும்."

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மலையாளத்தில் ஏன் வருகிறது என்று கேட்டேன். "அது நா... நான் இல்ல மேடம். அது கைடு" என்றார். ஆங்கிலத்திலும் வரும், இந்தியில் தெரிந்த அளவுக்கும் வரும். ஒரு வார்த்தை அடைக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் வேறு வார்த்தையைப் போட்டுத் தாண்டிவிடுவார். சபையில் சொல்லும் வாக்கியத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. தங்கச்சி என்பதற்கு வேறு எதைப் போடுவது?

நான் எல்லோரிடமும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. அதையும் கேட்டேன். "நாய் வளக்கறீங்களா?"

"நாய்கிட்ட நல்லாப் பேசுவான் மேடம்" என்று தங்கை முந்திக்கொண்டாள். "மணிக்கணக்காப் பேசுவான். அதுக்கும் தமிழ்தான்."

அதற்குள் எங்கள் சங்கச் செயலாளர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். மதிய நிகழ்ச்சியில் 'நேரடி நோயாளி விளக்கம்' என்று ஒன்று இருந்தது. அதற்கு ஏற்பாடு செய்திருந்தவர் வரவில்லை. "மேடம், இது நல்லொரு கேஸாணு!" என்று என் காதில் சொன்னார். கேஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. முதலில் ஒப்புதல் படிவம் என்றேன். மண்டபத்தில் யாருக்கும் அது நினைவில்லை, எனக்கு மறக்காது. படிவத்தைத் தேடி, பிரதி எடுக்க ஆளை அனுப்பி, தமிழில் வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினோம். எங்களுக்குச் சம்மதம் என்றால் கையெழுத்து போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். அவருடைய சொந்தக்காரர்கள் எங்களைவிடக் கறாரானவர்கள்.

மதியம் மேடையில் அவரை உட்கார வைத்தார்கள். தங்கை முன் வரிசையில் என் பக்கத்தில். ஒவ்வொருவராக எழுந்து விளக்கம் சொன்னார்கள். மலையாளம் பள்ளியில் பிறகு கற்ற மொழி, அதனால் மூளையில் வேறு பாதை என்றார் ஒருவர். தமிழ் உணர்ச்சியின் மொழி, அதனால் அடைப்பு என்றார் இன்னொருவர். அப்படியானால் நாயுடன் எந்த உணர்ச்சியும் இல்லாமலா பேசுகிறார் என்று கேட்டேன். மண்டபம் சற்று நேரம் நாயைப் பற்றி யோசித்தது. நல்ல விளக்கங்களுக்கெல்லாம் அந்த நாய் குறுக்கே படுத்திருந்தது.

பிறகு இளம் தெரபிஸ்ட் மேடைக்குப் போய்ச் செய்து காட்டினாள். கேள்வி வந்ததும் அவசரப்படக் கூடாது. ஒரு மூச்சு. ஒரு இடைவெளி. பிறகு முதல் எழுத்தை மெல்லத் தொட்டு இழுத்துச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி, பிசகில்லாமல் சொல்லிக் கொடுத்தாள். அவரும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார், மூச்சு விட்டார், கொஞ்சம் நிறுத்தினார், "எ...ங்க த...ங்கச்சிய" என்று தொடங்கி முழு வாக்கியத்தையும் ஒரு தடங்கலும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். மண்டபம் கைதட்டியது. செயலாளர் புகைப்படக்காரரைக் கூப்பிட்டார்.

தங்கை மட்டும் கைதட்டவில்லை. அதைக் கவனித்ததும் எங்கள் பக்கத்து நிச்சயங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எழுந்து கேட்டேன்.

"ஏம்மா, பெரியவரு கேட்டதும் உங்க அண்ணன் இப்படிக் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, நிறுத்தி, இழுத்துச் சொன்னா சபையில என்ன நெனப்பாங்க?"

"குடுக்க மனசில்லன்னு நெனப்பாங்க" என்றாள் தங்கை. "பொண்ணு வீட்டுல ஏதோ சண்டைன்னு நெனப்பாங்க. எங்க பெரியப்பா மக நிச்சயத்துல பெரியப்பா தும்மிட்டுச் சொன்னாரு. அதுக்கே மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பேரு எந்திரிச்சுட்டாங்க."

நான் அதை மலையாளத்தில் மற்றவர்களுக்குச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. எல்லோரும் ஏதோ ஒரு நிச்சயத்தில் உட்கார்ந்து அந்த நொடியை எண்ணியவர்கள். கேள்வி கேட்டுப் பதில் வரும்வரை ஒரு சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நாங்கள் இடைவெளி விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வகுப்பறையிலும் பேட்டியிலும் வேலை செய்கிற உத்தி. கொண்டுபோய் வைத்த இடம்தான் தவறு.

உடனே மாற்று வழிகள் குவிந்தன. தங்கையும் சேர்ந்து சொல்லட்டும், கூட்டாகச் சொன்னால் திக்காது என்றார் ஒருவர். கல்யாணப் பெண்ணே தன்னைக் கொடுக்கச் சம்மதம் என்று சபையில் சொல்வதா என்று இன்னொருவர் மடக்கினார். கைடு குரலில் மலையாளத்தில் சொல்லிவிடட்டும் என்றார் செயலாளர்.

"ஆமா சார்" என்றாள் தங்கை. "அப்படியே என்னைய வாட்டி, அரைச்சு, சலிச்சுக் காட்டிட்டு, கடைசியில டீயும் குடுத்து அனுப்புவான்."

மேடையிலிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த நடைமுறையில் ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அதற்கு மூச்சுப் பயிற்சியோ படிவமோ தேவையில்லை. "முன்கூட்டியே அவங்ககிட்டச் சொல்லீருங்க" என்றேன். "எனக்குத் திக்கும், கேட்டா பதில் வர நேரமாகும், மனசில்லாம இல்லைன்னு சொல்லீருங்க. அப்புறம் எவ்வளவு நேரமானாலும் அது திக்கல்தான், தயக்கம் இல்லை."

சிரிப்பு நின்றது. அண்ணன் மாட்டேன் என்று தலையை அசைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது. பேச்சுவார்த்தை எல்லாம் சித்தப்பாதான் நடத்தியிருக்கிறார். இவர் கூட இருந்து, டீ கொடுத்து, சிரித்து, தலையாட்டி, இந்தியக் கணவர்களில் பாதிப்பேரைப் போலவே நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்.

"கு... குடும்பத்துல வருமான்னு கேப்பாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தே கேட்டார். "வருமா மேடம்?"

செயலாளர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்கு அன்றைய நாள் நல்லபடியாக முடிய வேண்டும். நான் முந்திக்கொண்டேன். "சில குடும்பத்துல வருதுங்க, சில குடும்பத்துல வரதில்லை. உங்க தங்கச்சி பிள்ளைகளுக்கு வருமான்னு இங்க இருக்கிற யாருக்கும் சொல்லத் தெரியாதுங்க."

இப்போது அது அவருடைய வாக்கியம் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. தங்கையின் கல்யாணமே அதில் இருந்தது. அவர் தன் இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அவள் இடம் ஆட்டம் காணலாம். சித்தப்பா சொல்லிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அண்ணனே அதைத்தான் சொன்னார், திக்கித் திக்கி, கடைசிவரை. யாரும் நடுவில் எடுத்து முடிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் மண்டபத்தைப் பாராட்ட வேண்டும்.

தங்கை எழுந்தாள். "நாளைக்கு எம்பிள்ளைக்குத் திக்குனா, அப்பத் தெரிஞ்சு என்னைய வெரட்டுறதுக்கு, இப்பமே தெரிஞ்சு வராம இருக்கட்டும். போன் போடுண்ணே."

அவர் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட மண்டபத்துக்கு வெளியே போனார், தங்கையும் பின்னாலேயே. எங்கள் சங்கம் முழுவதும் சன்னல்களுக்கு நகர்ந்தது. திக்குகிறவரை உற்றுப் பார்க்கக் கூடாது என்று ஆண்டாண்டாகப் பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு பார்த்தோம். திக்குகிறவர்களுக்குத் தொலைபேசியைப் போலக் கொடுமையான சாதனம் இல்லை. முகம் தெரியாது, மௌனம் மட்டும் போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள் போல. மலையில் நாள் முழுக்க நெட்வொர்க் அறுந்துகொண்டிருக்கும்; அதில் ஒன்று என்று நினைத்திருப்பார்கள். அவர் மறுபடியும் போட்டார். தங்கை கை நீட்டினாள், கொடுக்கவில்லை. இந்த முறை திக்கலோடேயே உள்ளே பாய்ந்தார். "மா... மா... மாமா, வைக்காதீங்க, நெட்வொர்க் கோளாறு இல்ல, நான்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தனக்குச் சிறுவயதிலிருந்து திக்குகிறது, சபையில் தானே சொல்ல ஆசைப்படுகிறார், நேரமாகும், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் கலந்து பேசிவிட்டு வரவேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லிவிடலாம்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"வீ... வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்னாரு."

அவ்வளவுதான். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கட்டுரை குழந்தைகள் விழுங்குவதில் உள்ள சிக்கல்கள் பற்றியது. அதில் ஒரு சொல்லும் என் தலையில் ஏறவில்லை. நிறைவில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், எனக்கும். அண்ணனும் தங்கையும் என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கேஸ் எப்படி முடிந்தது என்று தெரியாமல் வீடு திரும்புவது எனக்குப் பழக்கம்தான். ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் இரண்டாம் முறை வருவதில்லை. ஆனாலும் அந்த வாரம் போன் அடித்தபோதெல்லாம் கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன். கடன் வேண்டுமா என்று கேட்ட வங்கிப் பெண்களுக்கு அது நம்பிக்கை கொடுத்திருக்கும்.

வியாழக்கிழமை தங்கை பேசினாள். "ஞாயித்துக்கிழமை வாராங்க மேடம். நீங்களும் வரணும்."

"மாப்பிள்ளை ஊட்டுல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எத்தனை பேரு சாப்பாட்டுக்குன்னு கேட்டாங்க."

சிகிச்சைக்கு வருகிறவர்களின் வீட்டு விசேஷங்களுக்குப் போகக் கூடாது என்று தொழிலில் ஒரு நெறி உண்டு. பிறருக்கு நான் அதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவர்களை அது கட்டுப்படுத்துகிறதா என்று பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை. வியாழன் இரவே உடுமலை வழியாக மறுபடி மலைக்குப் போக எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.

நிச்சயம் எஸ்டேட் சமூகக் கூடத்தில். தரையில் ஜமுக்காளம், ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, எதிரே பெண் வீடு. சித்தப்பா யாரென்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், கூடத்தில் நடந்த எல்லாப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தது. அண்ணன் அவர் பக்கத்தில் சம்மணமிட்டிருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் தூணோரமாக, எல்லா முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தட்டை ஏந்திக் கேட்டார். "உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதமா?"

அண்ணன் கண்ணை மூடவில்லை. இடைவெளி விடவில்லை. உடனே தொடங்கினார், முதல் எழுத்திலேயே பூட்டிக்கொண்டது. உதடு விரிந்தபடி நின்றது. கூடத்தில் எங்கோ ஒரு குழந்தையின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. நான் இந்த மௌனத்தைத் தொழிலாக ஆயிரம் முறை கடந்தவள். இது நீளமானது.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "எங்க..." என்று அவர் எடுக்கவும், எதிர்ப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கை காட்டினாள். "நீங்க சும்மா இருங்க, அண்ணாச்சி. உங்களக் கேக்கல. தம்பி சொல்லுதாக."

சித்தப்பா வாயை மூடினார். பெரியவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. தட்டு கொஞ்சம் சாய்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எ... எ... எங்க த... தங்கச்சிய உங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்."

பெரியவர் தலையைச் சாய்த்து வலது காதைக் கொண்டுவந்தார். "என்ன சொல்லுதாரு? சத்தமாச் சொல்லுங்க தம்பி."

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தக் காதை எங்கள் முகாமுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனும் சிரித்தபடியே மறுபடியும் சொன்னார், உரக்க. இந்த முறை 'எங்க'வில் நிற்கவில்லை. 'சம்மதம்' என்பதில் நின்றது, கொஞ்சம்தான். ஏன் இடம் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டு மாறியது.

பூ வைத்து முடிந்ததும் தங்கை நேராக அவரிடம் வந்தாள். "அண்ணே, ரெண்டு தடவ குடுத்துட்ட. இனி திருப்பிக் கேக்க முடியாது."

அவர் அதற்கு ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார், அது அடைத்துக்கொண்டது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். தங்கையைத் தவிர எல்லோரும் எழுந்து போனார்கள். என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ள நான் அங்கேயே நின்றேன்.